ஒழுங்கைக்குக் கேட்கும் அறை

யூரியூப்பில் ‘ஹோம் ஸ்ரூடியோ’ எண்டு தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த அறை நல்லாகத் தெரிந்திருக்கும். சுவர் முழுக்கக் கறுப்பு நுரைத் துண்டுகள், மூலையில் ஊதா வெளிச்சம், மேசையின் இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர்கள், மேலே ஏசி. அந்த அறைக்கு யன்னல் இருக்காது. மூலையில் அரிசி மூட்டை இருக்காது. பக்கத்து வீடு எண்டு ஒன்று இருப்பதாகவே தெரியாது.

எங்களுடைய அறைக்கு இவை மூன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைக்குள், எங்களில் ஒருவரின் அம்மம்மா வீட்டுச் சாமான் அறை அது. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். மேலே பிளாற், கீழே சீமெந்துத் தரை, ஒரு கதவு, ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு யன்னல். நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம், இரண்டு பெடியள், இரண்டு பெட்டையள். ஒலியியல் படித்தவர் ஒருவரும் இல்லை. பாட்டு எழுதுவோம், மெட்டுப் போடுவோம், ஒருவன் ராப் செய்வான், ஒருத்தி பாடுவாள். மணித்தியாலத்துக்குக் காசு கட்டுகிற ஸ்ரூடியோவில் பாட்டைத் திருத்த நேரம் கிடைக்காது, மணிக்கூட்டைப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கும். பத்துத் தரம் பிழைவிட்டுப் பாட ஒரு இடம் வேணும். அதற்காகத்தான் இந்த அறை.

எங்களிடம் இருந்தவை: ஒரு பழைய லப்ரொப், ஒரு சின்ன ஓடியோ இன்ரர்ஃபேஸ், கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக் ஒன்று, ஒரு ஹெட்போன், இரவல் ஸ்பீக்கர் இரண்டு. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கருவி அறைதான். மைக் பாடுகிறவரை மட்டும் பதிவதில்லை, அவர் நிற்கிற அறையையும் சேர்த்துத்தான் பதியும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கைதட்டல் காணும். சாமான்களை வெளியே எடுத்துவிட்டு வெறும் அறையின் நடுவில் நின்று ஒருக்காத் தட்டினால், தட்டின சத்தத்துக்குப் பின்னால் கம்பி அதிர்வது போல ‘ட்ரிங்ங்’ எண்டு ஒன்று இழுபடும். எதிரெதிராக நிற்கிற இரண்டு வெறுஞ்சுவர்களுக்கு நடுவில் சத்தம் பந்து மாதிரி அடிபடுகிறது. எங்கட ஊர் வெக்கையில் சத்தம் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 350 மீற்றர் ஓடும். அப்படியென்றால் பத்தடிச் சுவர்களுக்கு நடுவில் ஒரே செக்கனில் ஐம்பது தடவைக்கு மேல் போய்வரலாம். நேரே நிண்டு கேட்கிறபோது எங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இரண்டு காதும் மூளையும் சேர்ந்து எது பாட்டு, எது சுவர் எண்டு பிரித்துவிடும். மைக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. பதிந்ததை ஹெட்போனில் கேட்டால் பாடுகிறவர் கிணத்துக்குள் நிண்டு பாடுவது போல இருக்கும்.

இந்தப் பிரச்சினையை முதன்முதலில் கணக்காக மாற்றியவர் வொலஸ் சபீன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் சொல்வது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரைச் செக்கன் எடுத்ததாம், அதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்துவிடும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு இருபதுகளின் கடைசியில் இருந்த சபீனிடம் வந்தது. அவர் கையில் இருந்தவை ஓகன் குழாய் ஒன்று, நேரம் பார்க்க ஒரு ஸ்ரொப்வோச், பக்கத்து அரங்கிலிருந்து இரவல் வாங்கிய கதிரை மெத்தைகள். தெரு அடங்கிய பிறகு இரவில் மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்குவார், சத்தம் அடங்க எவ்வளவு நேரம் எண்டு அளப்பார், விடிய முதல் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். அறை எவ்வளவு பெரிது, அதற்குள் சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டையும் தெரிந்தால் சத்தம் அடங்கும் நேரத்தைச் சொல்லலாம் எண்டு கண்டுபிடித்தார். நாங்கள் அம்மம்மாவின் மெத்தைக்குக் கண் வைத்தபோது எங்களுக்குத் துணிவு தந்தது இந்தக் கதைதான். அந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலேயே இரவல் மெத்தையில்தான் வேலை தொடங்கியிருக்கிறது.

சபீன் உறிஞ்சலை அளக்கப் பிடித்த அளவுகோல் இன்னும் அழகானது. திறந்த யன்னல். சுவரில் பட்ட சத்தம் திரும்பி வரும், திறந்த யன்னலால் போன சத்தம் திரும்பி வராது. ஆகவே திறந்த யன்னல்தான் நூறு வீதம் உறிஞ்சுகிற பொருள். மற்றப் பொருள்களை எல்லாம் ‘இது எத்தனை சதுர அடி யன்னலுக்குச் சமன்’ எண்டு கணக்குப் பார்க்கலாம். எங்கட அறையை அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். வெறும் சீமெந்துச் சுவரோடு சத்தம் அடங்க இரண்டு செக்கனுக்கு மேல். குரல் பதிய அது 0.4 செக்கனுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. அதற்கு ஏறக்குறைய 150 சதுர அடி யன்னல் வேணும். எங்கட நீளச் சுவர் ஒன்று முழுசாகவே 120 சதுர அடிதான்! யன்னலை அவ்வளவு பெரிதாக வெட்ட ஏலாது. அதனால் யன்னலுக்குப் பதிலாகத் துணியும் தும்பும் பஞ்சும்.

கடைசியில் செய்தது இதுதான். சலாகைத் தடியில் நாலடிக்கு இரண்டடிச் சட்டம் ஆறு அடித்தோம். உள்ளே பழைய தும்பு மெத்தையை வெட்டி வைத்து, அதற்கு முன்னால் மடித்த பழைய துவாய்களை அடுக்கி, மேலே பருத்திச் சீத்தைத் துணியை இழுத்துக் கட்டினோம். மொத்தம் நாலு அங்குலத் தடிப்பு. துணி காற்றை விடுகிறதாக இருக்க வேணும். வாயை வைத்து ஊதினால் மற்றப் பக்கம் காற்று வர வேணும். றெக்சின் போலக் காற்றுப் புகாத துணி போட்டால் மெல்லிய உயர்ந்த சத்தங்கள் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடும். சட்டங்களைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளித் தூக்கினோம். சுவரை ஒட்டின இடத்தில் காற்று அசையாது. சுவரை விட்டுத் தள்ளத் தள்ளக் காற்றின் அசைவு கூடும். உறிஞ்சுகிற பொருள் அசைகிற காற்றைத்தான் மறிக்கும். செலவில்லாமல் கிடைக்கிற இரண்டு அங்குலம் அது.

ஒவ்வொரு சட்டத்தையும் எங்கே தூக்குவது என்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒருவர் கேட்கிற கதிரையில் இருக்க, இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு வைத்து நகர்த்திக்கொண்டு போகவேணும். இருக்கிறவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் ஒரு சட்டம். வெளிச்சம் எப்படித் திரும்புமோ அப்படித்தான் இந்தச் சத்தங்களும் சுவரில் பட்டுத் திரும்பும். இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மம்மா வாசலில் நிண்டு பார்த்தா. “என்ன பிள்ளையள், சுவரில பேய் தேடுறியளோ?” எண்டு கேட்டுவிட்டுப் போனா.

பாடுகிற இடத்துக்கு அவவின் பழைய மர அலுமாரி உதவியது. இரண்டு கதவையும் திறந்து, உடுப்பு நிறைந்தபடியே விட்டு, பாடுகிறவர் அதற்கு முதுகு காட்டி நிற்க வேணும். மைக் அவருடைய வாய்க்கு நேரே இருக்கும், அவருக்குப் பின்னால் இருந்து திரும்பிவரும் சத்தத்தைச் சீலைகள் விழுங்கிவிடும். இப்படியான மைக் தன் முன்பக்கத்தைத்தான் கூடக் கேட்கும். அதனால் மைக்கின் முதுகை யன்னலுக்குக் காட்டினோம். வாய்க்கும் மைக்குக்கும் இருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வருகிற குரல் 6 டெசிபல் கூடும், அறையின் சத்தம் அப்படியே இருக்கும். காசில்லாதவர்களின் முதல் வைத்தியம் மைக்குக்குக் கிட்டப் போவதுதான்.

அடித்தொனி மட்டும் சொன்னபடி கேட்காது. எங்கட அறையின் அகலமும் உயரமும் ஒரே பத்தடி. பத்தடிக்குள் தானாகத் தங்கி நிற்கிற சத்தம் 57 ஹேட்ஸ் அளவில் வரும். அகலத்திலும் உயரத்திலும் அதே சுருதி சேர்ந்து நிற்பதால் பேஸ் கிற்றாரின் ஒரு சில சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். 57 ஹேட்ஸ் அலையின் நீளம் இருபது அடி. நாலு அங்குலத் துவாய் அதற்குக் கொசு. இலவம் பஞ்சு மெத்தை இரண்டைச் சுருட்டி மூலைகளில் நிமிர்த்தி வைத்தோம், கொஞ்சம் இறங்கியது. மேசையைக் குட்டைச் சுவர்ப் பக்கம் போட்டு, அந்தச் சுவரிலிருந்து நாலரை அடியில் கதிரையை வைத்தோம். பன்னிரண்டடியின் சரிநடுவில் இருந்தால் அந்த நீளத்துக்குரிய அடித்தொனி காணாமலே போய்விடும். இனி மிச்சத்துக்கு ஹெட்போனில் கேட்டு முடிவெடுக்கிறோம். அறை பொய் சொல்கிற இடம் எது எண்டு தெரிந்தால், அந்த இடத்தில் அதை நம்பாமல் விடலாம்.

கண்டவர்கள் எல்லாரும் சொன்ன இன்னொரு யோசனை, முட்டைத் தட்டு. சுவர் முழுக்க ஒட்டினால் சத்தம் வெளியே போகாதாம். நாங்கள் ஒட்டவில்லை. அது மெல்லிய கடதாசி மட்டை. உயர்ந்த தொனிகளை மட்டும் கொஞ்சம் கலைக்கும், மற்றபடி நெருப்புப் பிடிக்க நல்ல பொருள். ஆனால் அந்த யோசனைக்குள் இருக்கிற குழப்பம் முக்கியமானது, ஏனென்றால் எங்கட கதை அங்கேதான் திரும்புகிறது. சத்தம் அறைக்குள் திரும்பி வராமல் செய்வது ஒரு வேலை. சத்தம் அறையை விட்டு வெளியே போகாமல் செய்வது வேறு வேலை. முதலாவதற்குத் தும்பும் துணியும் காணும். இரண்டாவதற்குப் பாரம் வேணும், தடித்த சுவர் வேணும், அதைவிட முக்கியமாகத் துவாரம் இருக்கக்கூடாது. சுவரில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், அந்தச் சுவர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எங்கட அறையில் யன்னலுக்கு மேலே பூக்கல் இருக்கிறது, கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. காற்றுக்காகக் கட்டின வீடு அது. காற்றுப் போகிற வழியால் சத்தமும் போகும்.

இது எங்களில் மூன்று பேருக்குப் பொறியியல் பிரச்சினை. பாடுகிறவளுக்கு அப்படியில்லை.

அவளுடைய குரலைக் கம்பஸில் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள்: மூச்சுக் கலந்த, தணிந்த, காதுக்குள் சொல்கிற மாதிரிக் குரல். ‘அது அவளின்ர ஸ்டைல்’ எண்டு நாங்களும் நினைத்திருந்தோம். சட்டங்களைத் தூக்கி முடித்த கிழமை அவளே சொன்னாள், அது ஸ்டைல் இல்லை, பழக்கம். வீட்டில் எப்பவும் ஃபானை மூன்றில் விட்டுவிட்டுத்தான் பாடுவாளாம். ஃபானின் இரைச்சலுக்குள் குரல் மறைந்துவிடும். மதிலுக்கு அங்கால் போகாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிண்ட காலம் எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஃபான் இல்லை, ரீவி இல்லை, ஒழுங்கை முழுக்க ஒரே அமைதி. ஆரோ ஒருவர் கோப்பை கழுவுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்களுக்கு அது படிக்கிறதுக்கு விளக்கில்லாத காலம். அவளுக்கு அது பாட ஏலாத காலம். அந்த நாட்களில் உதட்டை மட்டும் அசைத்துப் பழகினாளாம்.

ஒரு பொம்பிளைப் பிள்ளையின் குரல் வளவைத் தாண்டினால் அதற்கு ஒரு விமர்சனம் வரும் எண்டு அவளுக்கு ஒருவரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லாமலே விளங்குகிற பாடம் அது. பாட்டுக் கூடாது எண்டு இல்லை. கோயில் மேடையில் பாடலாம், பள்ளிக்கூடப் போட்டியில் பாடலாம், கப் வாங்கலாம். இரவு எட்டு மணிக்கு, தான் எழுதின பாட்டை, தன் அறையில் வாய்திறந்து பாடுவதற்குத்தான் இடமில்லை.

இப்போது ஸ்ரூடியோவின் சட்டம் என்னவென்றால், பதிகிறபோது ஃபானை நிப்பாட்ட வேணும். மைக் அதன் இரைச்சலைப் பிடித்துவிடும். அதாவது இத்தனை வருடம் அவளை மறைத்து வைத்திருந்த பொருளை நாங்கள் நிப்பாட்டச் சொல்கிறோம். அறைக்குள் தொங்குகிற தும்புச் சட்டம் எதுவும் அதற்கு ஈடாகாது. நாங்கள் பரிசோதித்தும் பார்த்தோம். ஒருவர் உள்ளே பாட, ஒருவர் போனோடு ஒழுங்கையில் நிண்டார். உள்ளே குரல் வடிவாக, துலக்கமாக மாறியிருந்தது. வெளியே சட்டம் தூக்க முதல் கேட்ட மாதிரியே சொல்லுச் சொல்லாகக் கேட்டது.

அவளுடைய முதல் பதிவுகள் தணிந்துதான் இருந்தன. நாங்கள் ‘சத்தமாப் பாடு’ எண்டு சொல்லவில்லை. சொல்லிச் சரிவருகிற விசயம் அது இல்லை. ஹெட்போனில் அவளுக்குப் போகிற அவளுடைய குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம், அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான். தன் குரல் தனக்குக் குறைவாகக் கேட்டால் ஆரும் தானாகக் கூட்டித்தான் பாடுவார்கள், காது செய்கிற வேலை அது. ஒரு காதை ஹெட்போனுக்கு வெளியே விட்டாள். மூன்றாவது தரம் சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் திறந்தது. மூச்சுக் கலக்காத, தடித்த, கொஞ்சம் கரகரப்பான ஒரு குரல். இரண்டு வருசம் ஒன்றாகப் படித்தும் நாங்கள் கேட்டிராத குரல். அவளுக்கும் அது புதிது. பதிவை நிப்பாட்டியதும், “இது நானோ?” எண்டுதான் கேட்டாள்.

அடுத்த நாள் ஒழுங்கைக்கும் தெரிந்திருந்தது. கடைக்குப் போன அவளுடைய தம்பியிடம் ஒருவர், “என்ன, அக்கா பாட்டுக்காரியோ இப்ப?” எண்டு கேட்டிருக்கிறார். கேட்ட விதம் வாழ்த்து இல்லை. முன்வீட்டு அன்ரி அம்மம்மாவிடம், “ஆர் அந்தப் பிள்ளை, நல்ல சாரீரம்” எண்டிருக்கிறா. இரண்டும் ஒரே பாட்டுக்கு, ஒரே நாளில். எங்களில் ராப் செய்கிறவன் அதே யன்னலைத் திறந்துவிட்டு இரண்டு மாதமாகக் கத்துகிறான். அவனைப் பற்றி அவனுடைய தங்கச்சியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இதை அவனே முதலில் கவனித்துச் சொன்னான்.

பிறகு நாலு பேரும் இருந்து கதைத்தோம். பூக்கலை அடைக்கலாம், யன்னலுக்குப் பலகை அடித்து அதற்குள் மணல் சாக்கு வைக்கலாம், கதவுக்குக் கீழே றப்பர் ஒட்டலாம். கணிசமாகக் குறையும். ஆனால் ஏசி இல்லாத அந்த அறையில் அடைத்துவிட்டுப் பத்து நிமிசம் நிற்க ஏலாது, வெக்கையில் மயங்கி விழுவோம். அதைவிட ஒரு கேள்வி: அடைப்பது மைக்குக்காகவா, ஒழுங்கைக்காகவா? மைக்குக்காக என்றால் பாண் ஓட்டோ வருகிற நேரமும் கோயில் ஸ்பீக்கர் போடுகிற நேரமும் எங்களுக்குத் தெரியும், அதற்கு நடுவில் பதியலாம். ஒழுங்கைக்காக என்றால் அதை முடிவெடுக்க வேண்டியது பாடுகிறவள்தான், நாங்கள் இல்லை. ‘நீ பயப்படாத, திறந்துவிட்டுப் பாடு’ எண்டு சொல்வது எங்களுக்குச் சுகம். கடையடியில் பதில் சொல்லப்போவது நாங்கள் இல்லையே.

அவள் முடிவெடுத்தது இப்படி. யன்னலுக்கு ஒரு பலகைக் கதவு செய்தோம், கழட்டிப் பூட்டக்கூடியதாக. உள்பக்கம் தும்பு, வெளிப்பக்கம் தடித்த பலகை. சில பாட்டுக்கு அதை மாட்டச் சொல்வாள். அப்போது நாலு நிமிசம் பதிவு, பிறகு கழட்டி ஃபான், பிறகு திரும்ப நாலு நிமிசம். சில பாட்டுக்கு வேண்டாம் என்பாள். எந்தப் பாட்டுக்கு எது என்பதை நாங்கள் கேட்பதில்லை. அந்தப் பலகையின் கொக்கி உள்பக்கம், பாடுகிறவரின் கைக்கெட்டிய இடத்தில் இருக்கிறது. அறையில் நாங்கள் செய்த வேலைகளில் சரியான இடத்தில் அமைந்தது அந்தக் கொக்கி எண்டு நினைக்கிறோம்.

வீட்டில் ஒரு சாமான் அறையோ, ஒருவரும் படுக்காத அறையோ இருக்கிறவர்கள் நுரைத் துண்டுக்குக் காசு சேர்க்க முதல் அதற்குள் போய் ஒருக்காக் கைதட்டிப் பாருங்கள். உடுப்பு அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் நிண்டு ஒரு வரி பாடுங்கள், வித்தியாசம் உடனே விளங்கும். பழைய துவாயைத் தூக்கி எறியாதீர்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளுங்கள். அப்படியே, உங்கட வீட்டில் ஆர் ஃபானைப் போட்டுவிட்டு மட்டும் பாடுகிறார்கள் எண்டும் கொஞ்சம் கவனியுங்கள். அவர்களுக்குத்தான் அந்த அறை முதலில் தேவை.